கதவை அடைத்த அரைமணி நேரம்

"கைய நீட்டுலே," என்று வாய்க்கரிசித் தட்டை நீட்டினார் குற்றாலிங்கம் சித்தப்பா. கோமதிசங்கர் வலது கையை வேட்டி மடிப்பில் ஒளித்துவைத்திருந்தான். விரலெல்லாம் கறுப்புப் பசை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

காருக்குள் வெளிச்சத்தம் வராமலிருக்கக் கதவுகளில் ஒட்டுகிற ஷீட்டின் பசை அது. தினமும் காரில் புளியறை செக்போஸ்ட் தாண்டிக் கேரளாவுக்கு வேலைக்குப் போய்வருகிறவனுக்கு லாரி இரைச்சல் தீராத தலைவலி. நேற்றுக் காலை அவன் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா மங்களேஸ்வரி இலஞ்சி கோவிலுக்குக் கிளம்பினாள். "அப்பாவப் பாத்துக்கோ. டம்ளரத் தட்டினா ஓடிரணும்," என்றாள். பக்கவாதம் வந்தபின் அப்பாவுக்குப் பேச்சில்லை. கட்டில் கம்பியில் டம்ளரைத் தட்டித்தான் கூப்பிடுவார்.

நாலு கதவிலும் ஒட்டி மாட்டி முடித்ததும் உள்ளே உட்கார்ந்து அடைத்துப் பார்த்தான். எதிரே மினி பஸ் போனது, அடுத்த ஊரில் போவதுபோல. ஏரோப்பிளேன் செய்துவிட்டவனின் பெருமை. பாட்டு வேறு போட்டான். அரைமணி நேரம் கழித்து வீட்டுக்குள் போனபோது டம்ளர் தரையில் கிடந்தது. அப்பாவின் கண் நிலைகுத்தியிருந்தது.

"பக்கத்துலதான் இருந்தேன், தூக்கத்துலயே போயிட்டாங்க," என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அது தெருவைச் சுற்றி வந்து, "குடுத்துவச்ச மனுசன், பிள்ள மடியிலல்லா போயிருக்காரு," என்றாகிவிட்டது. கேட்கக் கேட்க உடம்பு கூசியது. யாராவது செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏலே, நேரமாவுது."

அரிசியை அள்ளி அப்பாவின் வாயருகே கொண்டுபோனான். பாதிதான் விழுந்தது, மீதி விரல்களில் ஒட்டிக்கொண்டது. உதறினான். போகவில்லை. சுற்றி நின்றவர்கள் அந்தக் கறுப்பு விரல்களையே பார்த்தார்கள்.

அம்மா எழுந்து வந்தாள். அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு மணியாகக் கிள்ளி எடுத்தாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அடுத்த வீட்டு லோகநாயகிக்குக் கேட்டிருக்குலே. ரொம்ப நேரம் தட்டினாகளாம். ஒன் கார் நிக்கவும், நீ இருக்கேன்னு அவ வரல."

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அம்மா விடவில்லை.

"யார்ட்டயும் சொல்லாண்டாம்னு அவகிட்டச் சொல்லிருக்கேன். போடு."

கிள்ளியெடுத்த அரிசியை அவன் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையை அடியில் பிடித்து அப்பாவின் வாயில் தானே சாய்த்துவிட்டாள்.

ஒரு அரிசிமணி மட்டும் ஆள்காட்டி விரலில் தங்கிவிட்டது. எல்லாம் முடிந்து சிற்றாற்றில் முங்கி எழுந்தபோதும் அது அங்கேயே இருந்தது.