ஏலத்துக்கு வந்த முட்டை ஓட்டுப் பொடி

கடையில் சோப்பு, லிக்விட் வாங்குவதை நான் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. பாத்திரம் தேய்க்க ஒன்று, தரை துடைக்க ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று. நாலு பாட்டில், நாலு நிறம், நாலு விலை. டி.வி.யில் ஒருத்தி சிரித்துக்கொண்டே தரை துடைக்கிறாள். தரை துடைக்கும்போது எவளுக்கு சிரிப்பு வரும்? என் மகள் டீனா நர்சிங் சேர்ந்த மாதமே அந்த நாலையும் மளிகை லிஸ்டிலிருந்து அடித்துவிட்டேன்.

எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் மூன்றையும் டப்பாவில் போட்டு, தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்றை விட்டு, மூன்று மாதம் வைத்தால் தரைக்கு ஆச்சு. பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டால் துணிக்கு ஆச்சு. பாத்திரத்துக்கு முட்டை ஓடு.

முட்டை ஓட்டுக்கு என் வீட்டில் பஞ்சமில்லை. கோலார் தங்கவயலில், எங்கள் கோரமண்டல் பகுதியில் கிறிஸ்துமஸ் கேக் என்றால் ஜெயசீலிதான். நானே என்னைச் சொல்லிக்கொள்கிறேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்? நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பு அணையாது. டீனாவின் ஃபீஸ் அந்தக் கேக்கிலிருந்துதான் வருகிறது. என் வீட்டுக்காரர் டைட்டஸ் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், ஓர் அபார்ட்மென்ட் கேட்டில் நின்றுவிட்டு வருகிறார். அவர் சம்பளம் வயிற்றுக்கே சரியாகப் போய்விடும்.

ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, மிக்ஸியில் அரைத்துச் சலித்து, கொஞ்சம் ஆப்பசோடா சேர்த்தால் பொடி தயார். அடிப்பிடித்த கேக் டின்னும் அதில் பளிச்சென்று ஆகிவிடும். வெள்ளையாக, லேசாக நறநறவென்று இருக்கும்.

வம்பே அந்த வெள்ளையில்தான் வந்தது. எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் சயனைடு மேடு. மைன்ஸ்காரர்கள் கல்லை அரைத்து, மருந்து போட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, கொட்டிவிட்டுப் போன மண். அதுவும் வெளுப்பு, அதுவும் நைசு. அடுத்த லைன் ஐடா, எங்கள் சர்ச்சில் பாட்டுக்குழுவை நடத்துகிறவள், ஒருநாள் பின்பக்கமாக வந்து, நான் பழைய புடவையில் பொடியைப் பரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். இது என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாலே நாளில் ஏழு ஆர்டர் கேன்சல். ஒருத்தருக்குச் சுகர் ஏறிவிட்டதாம், ஒருத்தர் மருமகள் வீட்டிலேயே செய்கிறாளாம். முதலில் போனது ஐடாவின் நாலு கிலோ. கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு ஜாய்தான் உண்மையைச் சொன்னாள்.

"நீ மேட்டு மண்ண அள்ளியாந்து கேக் டின் தேய்க்கிறியாமே, அக்கா. ஐடாக்கா கண்ணால பாத்துச்சாம்."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. டைட்டஸ் என்ன சொன்னார் தெரியுமா?

"போய் நெதானமா சொல்லிட்டு வந்துடு, ஜெயா. இன்னாத்துக்கு சண்டை?"

"பொய் சொன்னவ வீட்லயே குந்திகினு இருப்பா, நான் வீடு வீடா படியேறணுமா? போங்க, வேலையப் பாருங்க."

அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அவரவர் பூசணிக்காய், நாட்டுக்கோழி, வாழைத்தார் என்று கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விட்டுப் பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். வருஷா வருஷம் நான் கேக் வைப்பேன். இந்த வருஷம் ஒரு டின் நிறையப் பொடி வைத்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'ஜெயசீலியின் பாத்திரப் பொடி' என்று எழுதி ஒட்டியிருந்தேன். டைட்டஸ் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

ஏலம் விட்டது சபைப் பொருளாளர் ஹரோல்ட் அண்ணன். மைன்ஸில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகும் கேஜை இறக்கிய மனுஷர், மைக்கே வேண்டாம் அவருக்கு. கோழி போயிற்று, பூசணி போயிற்று. என் டின்னைத் தூக்கினார். பாட்டுக்குழு வரிசையிலிருந்து ஐடா எட்டிச் சொன்னது அப்படியே அவர்கள் பாடுகிற மைக்கில் விழுந்தது.

"அண்ணே, அத்த ஓரமா வைங்க. மேட்டு மண்ணு அது. புள்ளைங்க கீற எடம்."

சர்ச் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஹரோல்ட் அண்ணன் டின்னை மேஜைக்கு அடியில் வைக்கக் குனிந்தார்.

"நூறு ரூபா!" என்று கத்தினேன்.

"சிஸ்டர், இது நீங்க கொண்டாந்ததுதானே?"

"கொண்டாந்தேன், கர்த்தருக்குக் குடுத்துட்டேன். இப்ப ஏலத்துல கேக்கறேன். விடுங்கண்ணே!"

வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நேராகப் போய் நூறு ரூபாயைக் கொடுத்தேன், டின்னைத் திறந்தேன், உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டு மென்றேன். யாரோ "யேசப்பா!" என்று அலறினார்கள். டைட்டஸ் பெஞ்சைத் தாண்டி ஓடிவந்தார். சுண்ணாம்பை மென்ற மாதிரி இருந்தது. துப்பினால் நான் ஜெயசீலி இல்லை என்று விழுங்கினேன்.

"முட்டை ஓடு! போன கிறிஸ்துமசுக்கு நீங்கள்லாம் துன்னீங்களே, அதே மாதிரி கேக்குக்கு ஒடைச்ச முட்டையோட ஓடு!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"மேட்டு மண்ணாம்! எங்கம்மா அதுலதான் தேச்சாங்க. சோப்பு வாங்க வக்கில்லாம கோணியில அள்ளியாந்து தேச்சாங்க. வெரலெல்லாம் வெடிச்சி, சோறு பெசைய முடியாம ஸ்பூன்ல துன்னாங்க. அந்தக் கையப் பாத்து வளந்தவ நானு. நானா அந்த மண்ணத் தொடுவேன்?"

அழக்கூடாது என்றுதான் போயிருந்தேன். அழுதுவிட்டேன். அழுததில் ஆத்திரம் இன்னும் கூடியது. டின்னை மூடி மேஜையில் டொக்கென்று வைத்தேன்.

"மறு ஏலம் விடுங்கண்ணே."

வாங்கியதைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு தடவை ஏலம் விடுவது எங்கள் சபையில் வழக்கம்தான். ஐடாதான் முதலில் கேட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"நூத்தம்பது."

அவ்வளவு சல்லிசாகவா? "முன்னூறு!" என்றேன்.

"நானூறு."

"ஐநூறு!"

ஐடாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எழுநூறு!" பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். டைட்டஸ் என் முந்தானையை இழுத்து, "நம்மகிட்ட அவ்ளோ இல்ல, ஜெயா" என்றார். எனக்குத் தெரியாதா?

"எண்ணூறு!"

"ஆயிரம்!" என்றாள் ஐடா.

நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று தரமும் முடிந்தது. ஐடா டின்னை வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, காதோரமாகக் குனிந்தாள்.

"தப்புதான், ஜெயா. என் நாலு கிலோவ எழுதிக்கோ."

"காதுல இன்னாத்துக்கு சொல்ற? அன்னிக்கு ஊரெல்லாம் சொன்ன, இன்னிக்கு மைக்ல சொன்ன. இதையும் அங்கயே போய் சொல்லு."

ஐடா என்னைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள். எத்தனை வருஷமாக அதன்முன் நின்று பாடுகிறவள். இரண்டு தடவை தொண்டையைச் செருமினாள்.

"ஜெயசீலி வீட்டு டின்னு சுத்தம். நான்தான் கேக்காம கொள்ளாம பேசிட்டேன். எனக்கு நாலு கிலோ கேக்."

பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "எனக்கும் பழையபடி ரெண்டு கிலோ, சிஸ்டர்!" அதன்பின் இன்னொன்று, இன்னொன்று. நான் மைக்கைக் கையில் வாங்கினேன்.

"கேன்சல் பண்ணவங்களுக்குக் கிலோவுக்கு அம்பது ரூபா ஜாஸ்தி. வேணும்னா வாங்க, வேணாம்னா போங்க."

ஒருத்தரும் போகவில்லை.