மூன்றாவது குறுக்குத் தெருவின் பதினோரு ஒடுக்குகள்

எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு ஒடுக்குகள். கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. திருச்சி அன்னலட்சுமி நகர், மூன்றாவது குறுக்குத் தெரு, வீடுகள் ஒன்பது. யாராவது ஸ்கூட்டரையோ குடத்தையோ இடித்துப் புதிதாக ஓர் ஒடுக்கை உண்டாக்கினால், அதே நேரத்தில் வேறு ஏதாவது வீட்டில் பழையது ஒன்று 'டொப்' என்று தானாக நிமிர்ந்துவிடும். ஒருவர் தன் வீட்டு ஒடுக்கைத் தட்டி எடுத்தால் அது தெருவில் இன்னொருவரிடம் போய்ச் சேரும். ஆனால் சும்மா போகாது. வாங்கிக்கொள்பவர் முதலில் ஒரு தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டில் நான்கு முறுக்கு இருக்கலாம், இரண்டு வாழைப்பழம் இருக்கலாம், அது அவரவர் வசதி. தட்டைக் கையில் வாங்கிவிட்டால் ஒடுக்கையும் வாங்கியதாக அர்த்தம். இதில் ஒரு குழப்பமும் கிடையாது. மற்ற தெருக்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தானின் காரை ரிவர்ஸ் எடுத்து கேட்டுக்குள் விடும்போது இடது கதவைத் தூணில் ஒரு சாத்து சாத்தினேன். அதே நொடியில் மூன்றாம் எண் வீட்டில் சற்குணம் டீச்சரின் பீரோவில் ஆறு வருஷமாக இருந்த ஒடுக்கு நிமிர்ந்துவிட்டது. டீச்சர் பத்தே நிமிஷத்தில் கேசரி கிண்டிக்கொண்டு வந்துவிட்டார், டம்ளரில். சந்தோஷத்துக்குக் கொடுப்பதைத் தட்டில் வைத்துக் கொடுப்பது எங்கள் தெருவில் மரியாதை இல்லை.

அத்தான் என்றால் என் அக்கா மங்கையின் கணவர், திருஞானம். மஸ்கட்டில் வேலை. அவர் அங்கே இருக்கும் நாளெல்லாம் அக்கா இங்கே நான்காம் எண் வீட்டில் என்னோடுதான். காரும் இங்கேதான், உறை போட்டு மூடி. பிஸ்தாப் பச்சை நிறம். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணலாம், ஓட்டக்கூடாது என்று உத்தரவு. எனக்குச் சாவியைக் கொடுத்தது அக்கா. டெய்லரிடம் அவளுடைய புது ரவிக்கைகள் தயாராக இருந்தன, ஞாயிற்றுக்கிழமை அத்தான் வருகிறார், மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. "சட்டுன்னு போயிட்டு வந்துடு தம்பி" என்றாள். சட்டென்றுதான் வந்தேன்.

அத்தான் திட்டுகிற ஆள் இல்லை. திட்டினால்கூடத் தேவலை. பேச்சை நிறுத்திவிடுவார். போன லீவில், கடுகு சத்தமாக வெடித்தது என்பதற்காக, இருபத்தெட்டு நாளில் இருபது நாள் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவார். 'உப்பு.' 'வெந்நீர்.' இப்படி. அக்கா சீட்டைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கடுகுக்கே இருபது நாள் என்றால் கார்க் கதவுக்கு எத்தனை நாள்? இந்தத் தடவை அவருக்கு லீவே இருபத்தைந்து நாள்தான். மூன்று வருஷம் காத்திருந்தவள் அத்தனை நாளையும் சீட்டுப் படித்தே கழிக்க வேண்டும். அதை மட்டும் நடக்கவிடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பைபாஸ் ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் வேலாயுதம், காரை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போய் நின்ற என்னிடம் தெருப் பெயரைக் கேட்டதுமே கையை விரித்துவிட்டார்.

"அண்ணே, உங்க தெரு வண்டி நமக்கு வேணாம். போன வருஷம் ஒண்ணு பார்த்தேன். தட்டுறேன், தட்டுறேன், அசையவே மாட்டேங்குது. அங்க யாரு தட்டு வாங்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுலயே பண்ணிக்குங்க. பெரிய வித்தை ஒண்ணுமில்ல, பொறுமைதான்."

ஒரு பழைய காலண்டர் தாளில் சாமான் பட்டியலும் எழுதிக் கொடுத்தார். ரப்பர் சுத்தியல், கதவுக்குப் பின்னால் அண்டக் கொடுக்க ஓர் இரும்புக் கட்டி, பள்ளத்தில் பூசி நிரவப் பட்டி, எண்பதாம் நம்பரில் ஆரம்பித்து ஆயிரம் வரைக்கும் உப்புத்தாள், பிரைமர், தின்னர், ஸ்ப்ரே கன், வாடகைக்கு ஒரு கம்ப்ரசர். பெட்ரோல் டேங்க் மூடியைக் கழற்றிக்கொண்டுபோய் பெயிண்ட் கடையில் காட்டி, அதே பச்சையைக் கலந்து வாங்கி வந்தேன்.

அடுத்து, ஒடுக்கை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். பக்கத்து வீடு ஐந்தாம் எண், இருதயராஜ் சார், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டில் இரண்டு பூவன்பழம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். தட்டைப் பார்த்ததும் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு ஆழம்பா?"

"ஒன்றரை இஞ்ச் இருக்கும் சார்."

"கூர்மையா, உருண்டையா?"

"உருண்டைதான் சார். கை வச்சா வழவழன்னு இருக்கும்."

"அப்ப சரி. போன தடவை ஆறாம் நம்பர்காரன் கூர்மையா ஒண்ணைத் தள்ளிவிட்டுட்டான், படாத பாடு பட்டேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டார்.

ஒடுக்கின் நடுவில் அடிக்கக்கூடாது. ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி உள்ளே வர வேண்டும். நாற்பது தட்டு தட்டியிருப்பேன், கதவு சொல்பேச்சு கேட்டு நிமிர்ந்தது. பக்கத்து வீட்டில் 'டொப்'.

"வந்துடுச்சுப்பா! ட்ரங்குப் பெட்டியில வந்து உட்கார்ந்திருக்கு" என்று சார் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்.

வியாழனும் வெள்ளியும் பட்டி பார்ப்பதிலும் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதிலும் போயின. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தால்தான் மேடு பள்ளம் தெரிகிறது, கண்ணை நம்பி ஒரு புண்ணியமும் இல்லை. கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் பேப்பர் ஒட்டி மறைத்து, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு பச்சை. முதல் கோட் ஓர் இடத்தில் சளி பிடித்த மூக்கு மாதிரி ஒழுகிவிட்டது. அடடா என்று அதைத் தேய்த்து எடுத்து மறுபடி அடித்தேன். சனிக்கிழமை மத்தியானம் கதவைப் பார்த்தபோது, இத்தனை நாள் எதற்காகப் போய் ஆபீஸில் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அக்கா வந்து பார்த்து, "புதுசு மாதிரி இருக்குடா" என்றாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இதற்குள் ஒடுக்கு தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தது. இருதயராஜ் சாரின் பெட்டி மூட மாட்டேன் என்றதால் அவர் தட்டி ஆறாம் எண்ணுக்கு அனுப்பினார். ஆறாம் எண் ஏழாம் எண்ணுக்கு. ஏழில் இருப்பவர் பிரியாணி மாஸ்டர் ஜமால் பாய். அவருடைய பிரியாணி தேக்சாவின் மூடியில் போய் உட்கார்ந்ததும் ஆவி கசிந்து தம் நிற்கவில்லை. சனிக்கிழமை ஒரு கல்யாண ஆர்டர். பாய் பிரியாணியையே தட்டில் வைத்து நீட்டினால் எட்டாம் எண் என்ன செய்யும், வாங்கிக்கொண்டது. அப்படியே ஒன்பது, ஒன்று, இரண்டு. சனிக்கிழமை சாயங்காலம் சற்குணம் டீச்சரின் பீரோவுக்கே திரும்பிவிட்டது. டீச்சரோ நான்கு நாளாக நேரான பீரோவில் சுகம் கண்டுவிட்டிருந்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அக்கா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் சுவருக்கு மேலே கையை நீட்டி, "மங்கை, பிடிம்மா, சூடு ஆறிடும்" என்றார். அக்கா எழுந்து பிடித்துக்கொண்டாள். பிறகுதான் கையில் இருப்பது என்ன என்று பார்த்தாள். தட்டில் ஆறு கொழுக்கட்டை. டீச்சர் அதற்குள் உள்ளே போய்விட்டார். பீரோவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"வாங்கிட்டேனே தம்பி" என்றாள் அக்கா.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து தட்டை நீட்டினால் நம் கை நம்மைக் கேட்டுக்கொண்டா போகிறது?

'டொப்.' இடது கதவு, அதே இடம். என் புதுப் பெயிண்ட் மூன்று இடத்தில் வெடித்திருந்தது.

பத்து மணிக்கு அத்தானின் விமானம் இறங்கிவிடும். நான் பிஸ்கட்டைத் தட்டில் கொட்டிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினேன். இருதயராஜ் சார் சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் தட்டோடு ஒருத்தன் ஓடி வருவதைப் பார்த்து மற்ற வீடுகள் வரிசையாகக் கதவைச் சாத்திக்கொண்டன. ஜமால் பாய் உள்ளேயிருந்து, "தம்பி, வீட்ல யாரும் இல்லப்பா!" என்று கத்தினார். திரும்பி வந்து, என் வலது கையிலிருந்து இடது கைக்குத் தட்டை நானே கொடுத்து, நானே வாங்கிப் பார்த்தேன். கதவைத் தட்டினேன். ஒடுக்கு ஏமாறவில்லை.

அக்கா ஒரு ஸ்டூலைப் போட்டு காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்கிட்ட கொடு" என்றாள்.

"அக்கா, என்ன பேசற நீ?"

"ஆளுக்குக் கொடுக்கக்கூடாதுன்னு எங்க எழுதியிருக்கு?"

எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். தட்டைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிஸ்கட்டைக் கடித்தாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது தோள். முந்தானை மறைச்சுக்கும்."

தட்டினேன். அழுகை வந்துவிட்டது. "அழாதடா, அடி கோணலா விழும்" என்று அதட்டினாள். நாற்பதாவது தட்டில் கதவு நிமிர்ந்தது. அக்காவின் இடது தோளில் ஒடுக்கு வந்து உட்கார்ந்தது, டவரா அளவுக்கு, வழவழவென்று.

"வலிக்குதாக்கா?"

"இல்ல. உள்ள கொஞ்சம் இடம் பத்தாத மாதிரி இருக்கு. போய்ப் பெயிண்டைப் பாரு."

வெடித்த இடங்களைத் தேய்த்து, பச்சை அடித்து, மேசை விசிறியைத் திருப்பி வைத்துக் காயவைத்தேன்.

பதினொன்றரைக்கு அத்தான் டாக்சியில் வந்து இறங்கினார். பெட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு காரை மூன்று சுற்று சுற்றினார். குனிந்து வெயிலுக்கு எதிராகக் கதவைப் பார்த்தார். நகத்தால் சுண்டினார். முகத்தில் திருப்தி தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. பிறகு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு டைரியை எடுத்து, மீட்டரோடு வைத்துப் பார்த்தார். பதினான்கு கிலோமீட்டர் அதிகமாக இருந்தது. டெய்லர் கடை போக ஏழு, வர ஏழு.

டைரியை மூடினார். இறங்கினார். உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் பிரிட்ஜில் சீட்டு. 'காபி.'

அக்கா புது ரவிக்கை போட்டு அவருக்கு எதிரிலேயே நின்றாள். முந்தானை தோளிலிருந்து விலகியிருந்தது. அவர் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றரை இஞ்ச் ஒடுக்கு! கதவில் இருந்திருந்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்திருப்பார்.

அக்கா சீட்டைப் படித்தாள். காபி போட்டாள். டம்ளரை டவராவில் வைக்காமல் ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே தட்டை வாங்கிக்கொண்டார். அக்கா நேராக என்னிடம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தம்பி, சுத்தியலை எடு."

கதவுக்குத் தட்டியதைவிட மெதுவாக, ஓரத்திலிருந்து சுற்றி உள்ளே வந்தேன். பன்னிரண்டு தட்டுதான். தோள் நிமிர்ந்தது. கூடத்தில் 'டொப்'.

அத்தானின் நெஞ்சுக்கு நட்டநடுவில் விழுந்திருந்தது. மனிதருக்குள் இடம் குறைந்தால் உள்ளே இருப்பது வெளியே வரத்தான் செய்யும். அத்தான் காபியைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"அந்த வத்தக்குழம்பு நல்லாயிருந்தது" என்றார்.

அது கல்யாணமான மூன்றாம் நாள் சொல்லாமல் விட்டது. அதிலிருந்து அவர் சொல்லாமல் விட்டதெல்லாம் வருஷவாரியாக வந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சுண்டைக்காய் கொஞ்சம் தூக்கலா போட்டேன்" என்றாள்.

"ஜன்னல் சீட்டுல நீ உட்காரு, எனக்கு வேணாம்."

"சரி, உட்கார்றேன்."

"தலைவலின்னா என்கிட்ட சொல்லக்கூடாதா? நான் அரிசி களைஞ்சு வச்சிருப்பேன்ல."

"அன்னிக்கு ரொம்பத்தான் வலிச்சது."

"ஏர்போர்ட்டுல கண்ணாடிக்கு உள்பக்கம் அரை மணி நேரம் நின்னேன். நீ போயிட்டேன்னு நினைச்சேன்."

"போகலையே. தூணுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுக்கிட்டிருந்தேன்."

மூன்று மணிக்குக் கல்யாணத்தின் ஆறாவது வருஷம் சொல்லி முடிந்தது. பூசை முடிந்து, மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த இருதயராஜ் சார், விஷயம் கேள்விப்பட்டு கேட் வரைக்கும் வந்தார். "மாப்பிள்ளைக்குச் சிரமமா இருக்கும்லமா. தட்டை எடு, நான் வாங்கிக்கறேன். ட்ரங்குப் பெட்டி சும்மாதான் கிடக்கு."

"வேண்டாம் சார்" என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "தம்பி, இதை யாரும் தட்டி எடுக்கக்கூடாது. பட்டியும் பார்க்காத. துருப் பிடிக்காம மேல ஒரு கோட் மட்டும் அடிச்சு விடு."

பச்சை கால் லிட்டர் மிச்சம் இருந்தது. அத்தானைக் கார் நிற்கும் இடத்துக்குக் கூட்டிவந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, கழுத்தைச் சுற்றியும் இடுப்பைச் சுற்றியும் பேப்பர் ஒட்டினேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். நான் கம்ப்ரசரைப் போட்டதும், அந்தச் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காது என்று, ஏழாவது வருஷத்தைக் கொஞ்சம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்.