சூளையடி ஆதாம்

வில்லங்கம் விலாவெலும்பில்தான் தொடங்கியது.

அதுவரைக்கும் கூத்துப் பழக்கம் நல்லபடியாகவே நடந்துகொண்டிருந்தது. பின்னேரமானால் கோயில் வளவுப் பூவரசுகளுக்குக் கீழே மத்தளம் அதிரத் தொடங்கும். சூசைதாசன் சூளையிலிருந்து நேரே வருவான். முருகைக்கல் உடைத்து, சிப்பி சுமந்து, நீற்றின சுண்ணாம்பைக் கடகத்தில் அள்ளிக் கொட்டிவிட்டு வருகிறவனுக்குக் கண் இரண்டும் கோவைப்பழம்போலச் சிவந்திருக்கும். சுண்ணாம்பு தின்ற விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசியிருப்பான். அந்தக் கையை விரித்து, "மண்ணெடுத்து மூச்சளித்த மாபரனே" என்று ஆதாமின் வரவுப் பாட்டை அவன் எடுத்தால், கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கிறவர்கள்கூட ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

திருநாளுக்குக் கூத்துப் பழக்கவென்று வேறு ஊரிலிருந்து வந்திருந்த அண்ணாவியார் சந்தியாம்பிள்ளைக்கு இந்த ஊரின் உள்விவகாரம் தெரியாது. பெரிய வெள்ளிக்கிழமையன்று கோயிலின் கடைசியில், மரக்கிராதிக்குப் பின்னால் நின்ற சனத்துக்குள்ளிருந்து ஒரு குரல் ஒப்பாரி பாடியதைக் கேட்டிருந்தார். வேடம் பிரித்துக் கொடுக்கிற நாளில் அந்தக் குரலைத் தேடிப் பிடித்து ஆதாமைக் கொடுத்துவிட்டார். கிராதிக்குப் பின்னால் நிற்கிறவர்கள் சூளையடியார் என்பதும், அவர்கள் கோயில் கிணற்றில் வாளி போடக் கூடாது என்பதும் அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது.

கிராதிக்கு முன்னால் நிற்கிற பெரியதெருவாரும் அன்றைக்கு மறுப்புச் சொல்லவில்லை. சூளையடியாருக்குக் கூத்தில் எப்போதும் இடம் இருந்தது. யூதனாக, சேவகனாக, தலை வெட்டுகிறவனாக, பேயாக அவர்கள்தான் வருவார்கள். ஆதாமையும் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்த்தார்கள். கனியைத் தின்று பாவம் செய்து, ஆண்டவரிடம் ஏச்சு வாங்கி, இலை கட்டிக்கொண்டு ஓடுகிறவன்தானே, சூளையடியானுக்குப் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டார்கள்.

ஏவாளாக வந்தவன் அருளப்பு. கோயில் மூப்பரும் நாலு தோணிக்குச் சம்மாட்டியும் அந்தச் சூளைக்குச் சொந்தக்காரருமான எமிலியாம்பிள்ளையின் தங்கை மகன். மீசை அரும்பாத முகம். சேலை கட்டினால் பெண்தான். ஆதாம் நித்திரையில் கிடக்க, அதே துப்பட்டியின் கீழ் ஒளிந்திருக்கும் ஏவாள் அவன் விலாப்பக்கத்திலிருந்து எழுந்து, "உன் எலும்பில் எலும்பானேன், உன் சதையில் சதையானேன்" என்று பாட வேண்டும். அருளப்பு துப்பட்டிக்குள் போக மாட்டேன் என்று நின்றான். அண்ணாவியார் அதட்டவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புகுந்தான், எழுந்தான், பாடினான். மதிலில் குந்தியிருந்த ஒருவன் கத்தினான்:

"டேய் அருளப்பு, இனி நீ சூளையடி எலும்படா!"

வளவு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு இருட்ட முன்னர் மூப்பர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் பழக்கத்துக்கு மூப்பரே வந்தார். சால்வையைத் தோளில் ஏற்றிப் போட்டபடி கூத்தாடும் களரியின் நடுவில் வந்து நின்றார்.

"நிப்பாட்டு மத்தளத்தை. அண்ணாவியார், என்ரை தங்கச்சியின்ரை பெடியன் உவன்ரை எலும்பிலையிருந்தோ வாறது?"

"வேதத்திலை அப்பிடித்தானே கிடக்கு, சம்மாட்டியார்."

"வேதத்திலை கிடக்கிறது வேதத்திலை கிடக்கட்டும். ஆதாமின்ரை பிள்ளை ஆபேலா வாறது என்ரை மோன். அவன் வந்து உவனை அப்பு எண்டு கூப்பிட்டுக் காலிலை விழவோ? கொழும்பிலை வெள்ளைக்காரன் எல்லாருக்கும் ஒரு வோட்டெண்டு சட்டம் போட்டான். இனி எல்லாருக்கும் ஒரு அப்பனோ? பெரியதெரு முழுக்கச் சூளையடி வித்தெண்டு அயலூர்ச் சனம் சிரிக்கவோ?"

சூசைதாசன் துப்பட்டியை மடித்துக் கையில் வைத்திருந்தான். அவனுக்குக் காது சுட்டது.

"போன வரியக் கூத்திலை நான் சேவகனா வந்து உங்கடை மருமோன்ரை கழுத்தை வெட்டினனான், சம்மாட்டியார். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

மூப்பர் அவனை அப்போதுதான் பார்த்தார்.

"வெட்டுறது வேறை, பெறுறது வேறை," என்றார். "துப்பட்டியை வைச்சிட்டுப் போ."

அவன் வைத்துவிட்டுத்தான் போனான். போகிற வழியெல்லாம் அதுதான் அவனை அரித்தது. ஏன் வைத்தேன்? முகத்தில் எறிந்திருக்க வேண்டும். கூத்தாடிச் சோறு வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் ஆதாமின் பாட்டு வாய்க்குள் வந்த நாளிலிருந்து சூளை வாயில் நிற்கும்போதுகூட அவன் முதுகு நிமிர்ந்திருந்தது. ஊர்ச் சனம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று, நான்தான் முதல் மனுசன், நீங்களெல்லாம் எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்று ஒரே ஒரு தரம் பாட வேண்டும். அதைத்தான் அவன் கேட்டான். அதுவும் பொய்யல்ல. ஞானோபதேசத்தில், முதல் மனுசன் யார் என்ற கேள்விக்கு அவனுக்கும் அவர்களுக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

சனிக்கிழமை அவன் பங்குச் சுவாமியாரின் அறைவீட்டுக்குப் போனான். படிக்குக் கீழே நின்றுதான் கதைத்தான்.

"சுவாமி, நாங்கள் எல்லாரும் ஆதாம் ஏவாளின்ரை பிள்ளையள் எண்டது மெய்யோ?"

"மெய்தான் மகனே. அதிலை என்ன சந்தேகம்? போன ஞாயிறும் நான் அதைத்தானே பிரசங்கிச்சனான்."

"சம்மாட்டியாரும் அந்தப் பிள்ளையளுக்குள்ளை சேத்தியோ?"

சுவாமியார் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினார். அவர் கெட்ட மனிதர் அல்ல. வாந்திபேதி வந்தபோது சூளையடிக்குள் வந்து ஒவ்வொரு குடிசையாய்க் குனிந்து புகுந்தவர். ஆனால் புதுக் கோபுரத்துக்கு அத்திவாரம் போட்டுக் கிடந்தது. அதற்குச் சுண்ணாம்பும் மூப்பருடையது, தோணி வரும்படியில் கோயிலுக்குக் கிடைக்கிற பங்கும் மூப்பருடையது.

"ஆத்துமத்திலை எல்லாரும் ஒண்டு, சூசை. ஊர் வழக்கம் எண்டு ஒண்டு இருக்கு. அது மெல்ல மெல்லத்தான் மாறும். ஆனால் உன்ரை குரலை நான் வீணாக்க விடமாட்டன். மூப்பரோடை கதைச்சிட்டன்." சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. "ஆண்டவரைப் பாட இருந்த அண்ணாவியாருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. ஆண்டவரின்ரை பாட்டு முழுக்க நீ பாடு. ஆண்டவர் களரிக்கு வாறேல்லை. திரைக்குப் பின்னாலை குரல் மட்டும்தான். ஆதாமிலும் பெரிய இடமெல்லோ இது!"

"மூப்பர் சம்மதிச்சவரோ?"

"முழுச் சம்மதம். அருளப்பு ஆதாமா வாறான். ஏவாளுக்கு வேறை பெடியனைப் பாத்தாச்சு."

சூசைதாசனுக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் திறந்தால் அது வேறு என்னவாகவோ வரும் என்று பயந்து, கும்பிட்டுவிட்டு நடந்தான்.

அவன் பெண்சாதி மார்கிரட் முற்றத்தில் சிப்பி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கால்வரைக்கும் வெள்ளைத் தூள். அவன் சொல்லி முடிக்கும்வரை சுளகை நிறுத்தவில்லை.

"இஞ்சேருங்கோ, ஆண்டவரோ?" என்றாள். "அப்ப ஒருக்கால் கேட்டுக்கொண்டு வாங்கோ, ஆண்டவர் கோயில் கிணத்திலை ஒரு வாளி தண்ணி அள்ளலாமோ எண்டு. நான் இன்னும் குளிக்கேல்லை."

"பகிடி விடாதை."

"நானோ பகிடி விடுறன்? ஆதாமா ஆடுறன் எண்டு துள்ளிக்கொண்டு போகேக்கையே சொன்னனான், உவங்கள் விடாங்கள் எண்டு. போய்ப் பாடுங்கோ. பாடாட்டில் சூளையும் இல்லை எண்டுவாங்கள். பேந்து ரெண்டு பேரும் ஏதேன் தோட்டத்திலை இலை புடுங்கித் தின்னலாம்."

அவன் தொப்பென்று நிலத்தில் உட்கார்ந்தான். கோபம் நெஞ்சுக்குள் நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதுபோலக் கொதித்தது. அவனை ஆண்டவராக்க அவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? ஆண்டவர் யாருக்கும் இரத்த உறவு இல்லை. ஆண்டவர் யார் வீட்டுக்கும் சம்பந்தம் பேச வரமாட்டார், யார் பந்தியிலும் உட்காரமாட்டார். கண்ணில் படாத குரலுக்கு முழங்காலில் நிற்கலாம், அதில் மானம் போகாது. அப்பன் என்றால்தான் போகும். அப்பன் என்றால் முகம் வேண்டும், கை வேண்டும், சுண்ணாம்பு தின்ற விரல் வேண்டும். அந்த விரலிலிருந்து தாங்கள் வந்ததாக ஒரு பொழுது பொய்க்குக்கூட நினைத்துப் பார்க்க அவர்களால் முடியவில்லை. மெய்யென்று ஞாயிறுதோறும் சொல்வதைப் பொய்க்கும் செய்ய மாட்டார்கள்.

ஞாயிறு, பூசை முடிந்த கையோடு வெள்ளுடுப்புப் பழக்கம் நடந்தது. எல்லோரும் வெள்ளை கட்டி, கூத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஆடிப் பார்க்கிற நாள். ஊரே வந்திருந்தது. பெரியதெருவார் பாய் விரித்து உட்கார்ந்தார்கள்; மூப்பருக்கும் சுவாமியாருக்கும் கதிரை. சூளையடியார் மதிலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களுக்குள் மார்கிரட்டும் நின்றாள். கிடுகுத் தட்டி ஒன்றைக் குறுக்கே கட்டி, அதன் பின்னால் சூசைதாசனை விட்டிருந்தார்கள்.

முதற்காட்சி படைப்பு. அருளப்பு களரியின் நடுவில் மண்ணாய்க் கிடக்க வேண்டும். சுடுமணலில் மல்லாந்து படுத்தான். உச்சந்தலை தொடங்கி உள்ளங்கால்வரை மண்ணிறச் சாக்கால் மூடினார்கள். ஆண்டவர், "எழுந்திரு ஆதாமே, என் சாயலாய் எழுந்திரு" என்று பாடினதும் மண் அசைந்து மனுசனாக வேண்டும்.

மத்தளம் எடுப்புக் கொடுத்தது. சல்லரி சேர்ந்தது. தாளம் ஒரு சுற்று வந்து, பாட்டுத் தொடங்கவேண்டிய இடத்தில் நின்றது.

தட்டிக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

அண்ணாவியார் தாளம் தப்பிவிட்டதாக்கும் என்று நினைத்து மறுபடியும் கை காட்டினார். மத்தளம் திரும்பச் சுற்றி வந்து நின்றது. கிடுகின் இடுக்கால் சூசைதாசனுக்கு எல்லாம் தெரிந்தது. பாட்டு அவன் தொண்டையில் வந்து நின்றது. அதன் முதற்சொல்லை அவன் பல்லுக்குள் வைத்துக் கடித்தான்.

அண்ணாவியார் தட்டியடிக்கு வந்து குனிந்தார். "தம்பி, எடு. என்ரை மானத்தை வாங்காதை."

அவன் அவரைப் பார்த்துவிட்டுக் கிடுகின் இடுக்குக்கே திரும்பிக்கொண்டான்.

மூப்பர் கதிரையை விட்டு எழும்பினார். "டேய் சூசை! பாடுறியோ, இல்லாட்டில் நாளைக்குச் சூளைப்பக்கம் வராமல் நிக்கிறியோ?"

மதிலுக்கு வெளியே யாரோ இருமினார்கள். மார்கிரட் மதில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பாடு என்றோ பாடாதே என்றோ அவள் முகத்தில் எழுதியிருக்கவில்லை. சுவாமியார் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தளக்காரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்லி ஒருவரும் சொல்லாதபடியால் மூன்றாந்தரமும் அதே எடுப்பைத் தட்டினான்.

சாக்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாமா, மணல் சுடுது. எழும்பட்டோ?"

"கிடடா!" என்று மூப்பர் உறுமினார். "ஆண்டவர் கூப்பிடாமல் எப்பிடி எழும்புறது? சனம் பாக்குது."

அருளப்பு கிடந்தான். பூவரச நிழல் களரியை விட்டு விலகிப் போய்விட்டிருந்தது. சாக்கு அவன் மூச்சுக்கு ஏறி இறங்கியது. வியர்வை ஊறி, நெற்றியும் நெஞ்சும் முழங்காலும் இருந்த இடங்களில் ஒரு மனுசனின் வடிவம் அந்தச் சாக்கின்மேல் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.