மூன்று வட்டங்களும் கேப்டன் அண்ணியும்

அண்ணி ஆராய்ச்சிக் கப்பலின் கேப்டன். நாத்தனாருக்கோ படகைப் படத்தில் பார்த்தாலே குமட்டும். கடலாய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியில், ஹீட்டருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, பனிக்கடலுக்கு அடியில் ஒலி எந்த வழியாகப் போகும் என்று கணினியில் கணிப்பதுதான் அவள் வேலை. "ரூமுக்குள்ள உக்காந்துகிட்டே நீச்சல் அடிக்கிறவ" என்று அண்ணி அவளை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார்.

அந்த வாரம் இருவர் தலையிலும் ஒரே வேலை விழுந்தது. திமிங்கலங்களின் குரலைப் பதிவு செய்ய ஒரு வருடத்துக்கு முன் பனிக்கடலில் இறக்கிய கருவிப் பெட்டியை, ஒரு பனிப்பாறை நங்கூரத்தோடு இழுத்துக்கொண்டு போய் எங்கேயோ விட்டுவிட்டது. பெட்டி மட்டும் கடமை தவறாமல் நிமிடத்துக்கு ஒரு முறை 'பீப்' என்று கத்திக்கொண்டிருந்தது. இரண்டு கிலோமீட்டருக்குள் போய்க் கட்டளை ஒலி கொடுத்தால் நங்கூரத்தைக் கழற்றிவிட்டு மேலே மிதந்து வரும். அதற்கு முதலில் அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே!

புதன்கிழமை காலையில் அண்ணி கப்பலிலிருந்து போன் செய்தார்.

"இங்க கூத்தா இருக்கு. ஒரு இடத்துல பீப் காதுக்குள்ள வந்து கத்துது. பக்கத்துல வந்துட்டோம்னு நெனச்சு கொஞ்சம் நகர்ந்தா, சத்தமே இல்ல. நேத்துலேர்ந்து செக்கு மாடு மாதிரி சுத்திகிட்டிருக்கோம்."

"பக்கத்துல இருக்குன்னு யாரு சொன்னா? அது ரொம்ப தூரத்துல இருக்கும் அண்ணி."

"தூரத்துல இருந்தா சத்தம் குறையணும்ல?"

"கொறையாது. ஜில்லுன்னு இருக்கிற தண்ணியில சத்தம் மெதுவாப் போகும். மெதுவாப் போற பக்கமாவே வளையும். மேலயும் கீழயும் கொஞ்சம் வெதுவெதுப்பு, நடுவுல ஜில்லுன்னு ஒரு அடுக்கு. அதுக்குள்ள மாட்டின சத்தம் மேலேறி, கீழிறங்கி, வளைஞ்சு வளைஞ்சு பல மைல் ஓடும். எங்கெல்லாம் மேல எட்டிப் பாக்குதோ அங்க மட்டும் உங்களுக்குக் கேக்கும்."

"சரி, அதைப் புடிக்கிறது எப்படி?"

வழி இருந்தது. ஒரே பீப் பல பாதைகளில் பிரிந்து முன்னும் பின்னுமாக வந்து சேரும். முதலில் வருவதற்கும் கடைசியில் வருவதற்கும் உள்ள இடைவெளி, ஒரு வினாடியில் நூறில் சில பங்குதான். ஆனால் தூரம் கூடக் கூட அதுவும் கூடும். அந்த இடைவெளியை வைத்துத் தூரத்தைக் கணிக்கலாம். ஒரு தூரம் தெரிந்தால் வரைபடத்தில் ஒரு வட்டம். மூன்று இடங்களில் நின்று கேட்டால் மூன்று வட்டங்கள். மூன்றும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் பெட்டி.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிக்கணும்" என்றார் அண்ணி. "ஐஸ் நெருங்குது. அதுக்கு மேல இங்க நிக்க முடியாது."

கப்பலில் ஒலிக்கருவியைக் கவனிப்பவரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அன்று முழுவதும் கொட்டும் பனியில் மேல்தளத்தில் நின்று, மூன்று இடங்களிலும் நீர் ஒலிவாங்கியை நூறு மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, பதிவுகளை அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் தூரத்தைக் கணிக்கும் கணினி நிரலை ஓட்டினாள். அதற்குக் கடலின் வெப்பநிலை ஆழவாரியாக வேண்டும். கப்பலிலிருந்து அந்தப் பட்டியல் வரவில்லை. மெயிலை நாலு தடவை பார்த்தாள். காணோம். சரி, போன வருடம் இதே மாதத்துப் பட்டியல் கையில் இருக்கிறதே, பெரிதாக என்ன மாறிவிடப் போகிறது என்று அதையே போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

வட்டங்கள் வந்தன. ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. பேசாத பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன.

போனை எடுத்தாள். "அண்ணி, அவர் அளந்தது சரியா இருக்கான்னு கேளுங்களேன். ஒலிவாங்கி ஆழம் மாறியிருக்கும்."

அண்ணியின் குரல் மாறிவிட்டது. "அந்த மனுஷன் வெரல் வெறைக்க வெறைக்க நின்னு எடுத்தது அது. ஒவ்வொரு தடவையும் ஆழத்தை நானே சரி பாத்தேன். நீ மொதல்ல உன் கணக்கப் பாரு."

பட்டென்று போனை வைத்துவிட்டார். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நிரலை வரிவரியாகப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. மீதி இருந்தது அந்தப் பட்டியல் ஒன்றுதான். கப்பலில் வெப்பநிலை அளக்காமல் இருப்பார்களா? அண்ணி அப்படி விடுகிற ஆளே இல்லையே! மெல்ல ஒரு சந்தேகம் தட்டியது. கைப்பேசியை எடுத்து அண்ணியின் செய்திப் பக்கத்தைத் திறந்தாள்.

தினம் ஒரு பூப்படம், பூனை வீடியோ, உடம்புக்கு நல்லது என்று ஏதேதோ குறிப்புகள். எல்லாவற்றுக்கும் கீழே, நேற்று பிற்பகல்: "ஆபீஸ் மெயில் போகல. தண்ணி சூட்டு லிஸ்ட் இதுல அனுப்புறேன். பாத்துக்கோ."

இந்த வருடம் அந்தக் குளிர் அடுக்கு முப்பது மீட்டர் கீழே இறங்கியிருந்தது.

அவள் மறுபடியும் கப்பலுக்குப் போன் போட்டாள். "அண்ணி, தப்பு அங்க இல்ல. என்கிட்ட. நான் போன வருஷத்து லிஸ்டப் போட்டுட்டேன்."

"நேத்தே அனுப்பினேனே!"

"பாக்கல."

"ஏன் பாக்கல?"

பொய் சொல்ல நாலைந்து வழி இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "உங்களை மியூட்ல போட்டிருந்தேன்."

மறுமுனையில் பக்கத்தில் நின்ற 'காது' களுக்கென்று சிரிப்பது தெளிவாகக் கேட்டது.

"எப்பலேர்ந்து?"

"எட்டு மாசமா."

"அப்ப பூனை பியானோ வாசிச்சதையும் நீ பாக்கலையா?"

"பாக்கல அண்ணி."

"எனக்கு அதான் வருத்தம்" என்றார் அண்ணி. "சரி, வட்டத்தைப் போடு. இன்னும் மூணு மணி நேரம்தான் இருக்கு."

புதிய பட்டியலோடு நிரல் ஓடி முடிக்க இருபது நிமிடம் ஆனது. இந்த முறை மூன்று வட்டங்களும் தயங்காமல் வந்து ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. கப்பல் நின்ற இடத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அவள் எண்களைச் சொல்ல, அண்ணி குறித்துக்கொண்டு, "போறோம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த இரண்டு மணி நேரம் அவள் ஒரு வேலையும் செய்யவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"வந்துடுச்சு! சிவப்புத் தொப்பி மாதிரி தலையைக் காட்டுது. நீ சொன்ன இடத்துலேர்ந்து நானூறு மீட்டர் தள்ளி."

"நானூறா? எதனால?"

"அதை நீ அப்புறம் ஆராய்ச்சி பண்ணு. நான் மொதல்ல அதைத் தூக்கணும்."

திங்கட்கிழமை நிலைய இயக்குநருக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. 'தாமதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் பழைய பட்டியலைப் போட்டதும், அதைச் சொல்லாமல் விட்டதும், பழியை அளவீட்டின் மேல் போடப் பார்த்ததும் தான்தான் என்று எழுதினாள். அதைப் படித்த அண்ணி, "இவ்வளவு வெவரமா எழுதணுமா? வானிலைன்னு ஒரு வார்த்தை போட்டா போதாதா?" என்றார்.

"அப்ப அவர் தப்பா அளந்தார்னு யாராவது நெனப்பாங்க அண்ணி."

'காது'க்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "மன்னிப்பெல்லாம் வேணாம் மேடம். அந்த நிரல் வட்டம் போடறதுக்கு முன்னாடி, 'இது என்னைக்கு எடுத்த தண்ணி?'ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும். அது போதும்."

அன்று சாயங்காலமே அவள் அந்த வரியைச் சேர்த்தாள். தேதி சொல்லாமல் அது ஒரு வட்டம்கூட வரையாது.