நாற்பத்தொரு பேரும் ஒத்துக்கொண்டார்கள்

செலஸ்டின் பினாங்குப் பல்கலைக்கழகத்தில் தோட்டத்துக் குற்றங்களை ஆராய்ந்துகொண்டிருந்தான். புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், எழுபதுகளில் மட்டும், மரத்திலும் கோப்பையிலும் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலைத் திருடியதாக நாற்பத்தொரு வழக்குகள். நாற்பத்தொரு பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். படித்தவர்களுக்கு ஓர் எண் கிடைத்துவிட்டால் போதாதா? தோட்டத்தில் திருட்டுப் பழக்கம் வேரூன்றிவிட்டது என்று எழுதிக்கொண்டு போய் நீட்டினான்.

பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "பதிவானது ஒன்று, நடந்தது ஒன்று, நடக்க வைத்தது இன்னொன்று. அந்த மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. தேடிப் போ."

அதைத் தேடித்தான் 1984இல் பிச்சையம்மாள் வீட்டுக்கு வந்தான். நாற்பத்தொருவரில் ஒருவரான அவள் கணவர் அழகேசன் செத்து மூன்று வருடமாகிறது. ஜெரார்ட் கிராணியார் மகன் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவன் அப்பா அந்தத் தோட்டத்து ஆபீஸில் இருபது வருடம் எழுத்து வேலை பார்த்தவர்.

"ஏன் ஒத்துக்கிட்டாரும்மா?"

"ஒத்துக்கலன்னா கேஸ் இழுக்கும் தம்பி. சுங்கை பட்டாணி கோர்ட்டுக்கு நாலு தடவ அலையணும். காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப ஆள் இல்லன்னா பேர வெட்டிருவாங்க. பேர் போனா தோட்டம் குடுத்த வீடும் போயிரும்லா. ஒத்துக்கிட்டா ஒரே நாள். மறுநாள் பால் வெட்டப் போயிரலாம்."

"யார் சொன்னா இத?"

அவள் தயங்கினாள். "ஒங்கப்பாதான். நல்ல மனுசன். மாட்டினவங்க எல்லாரையும் கூப்பிட்டு இதத்தான் சொல்லுவாரு."

செலஸ்டின் பேனாவை மூடினான். தேடி வந்தது இத்தனை காலமும் வீட்டில் எதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறது. அப்பாமீது கோபம் வந்தது. அந்தக் கிராணிச் சம்பளத்தில் படித்தவனுக்கு என்ன கோபம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"வீடு தப்பிச்சுது தம்பி. ஆனா கோயில் கமிட்டி அவர மறுபடி கரகம் தூக்க விடல. சாகுற வரைக்கும் திருவிழாவுல ஓரமாத்தான் நின்னாரு. ஒங்க புக்குலயாவது திருடன்னு எழுதாதீங்க."

"அவரு எடுத்தாராம்மா?"

பிச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை அடங்க வெகுநேரமாயிற்று.

"எடுக்கல தம்பி. போலீசு கேக்கல, ஜட்ஜு கேக்கல. பன்னெண்டு வருசத்துல நீங்கதான் கேக்கறீங்க."

தானும் கடைசியில்தானே கேட்டோம் என்று செலஸ்டினுக்குச் சுட்டது. மாலை பஸ்ஸில் வீடு திரும்பினான். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அழகேசன் திருடலப்பா" என்றான்.

அப்பா நிமிரவில்லை.

"தெரியும்" என்றார்.