மருந்துத் தொட்டி

தோட்டத்துச் சின்ன கேட்டுக்கு வெளியே பெண்கள் வரிசையாக நின்றார்கள். கேட்டை அடைத்துக்கொண்டு சிமெண்டில் ஒரு தொட்டி. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் முள்கம்பி, ஆகவே தொட்டியில் இறங்காமல் உள்ளே போக வழியில்லை. அதில் கணுக்கால் மூழ்கும் அளவுக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் நின்றது. அந்த நெடி மூக்கில் ஏறி கண் வழியாக வெளியே வரும். ஒவ்வொருத்தியும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி நிற்க வேண்டும். வாட்ச்மேன் எண்ணி முடித்துத் தலையாட்டிய பிறகுதான் ஏறலாம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில் அவர் நிதானமாக எண்ணுவார்.

தொட்டி வந்த பிறகு அத்தனை பேருக்கும் கணுக்கால் வரை தோல் வெளுத்துப் பொருக்கு தட்டிவிட்டது. எல்லோரும் ஒரே கடையில் சாக்ஸ் வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று தங்களுக்குள்ளேயே சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

ஏணி அன்று வரிசையின் கடைசியில் நின்றாள். எட்டாத காய்ந்த வாழை இலையையும் எட்டி அறுக்கிற உயரம் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு இடது குதிகாலில் பித்தவெடிப்பு. அது எப்போதும் இருந்ததுதான். தொட்டியில் நிற்கத் தொடங்கிய பிறகு வெடிப்பு பிளந்து, பிளந்த இடம் புண்ணாகி, இப்போது விரல் நுனி போகும் அளவுக்குக் குழியாகிவிட்டது. உடம்பில் சர்க்கரை வேறு.

"அண்ணி, நர்ஸ் என்ன சொன்னாங்கன்னு இவங்ககிட்ட சொல்லு. வாய மூடிட்டே நிக்காத" என்றாள் முன்னால் நின்ற நாத்தனார்.

"சொன்னா கட்டிப் பிடிச்சு அழப்போறாங்களா?"

"ஈரமே படக்கூடாதுன்னு சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க. அவங்க சொல்லிட்டாங்க, எனக்குக் கூலி யாரு குடுப்பா?"

நாத்தனார் திரும்பி ஏணியின் குதிகாலைப் பார்த்தாள். அவளுடைய அம்மாவுக்கு, அதாவது ஏணியின் மாமியாருக்கு, இதே மாதிரி ஒரு புண்தான் வந்தது. முதலில் விரலை எடுத்தார்கள். அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலோடு. ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றி உட்கார்ந்திருந்தவர்கள் இந்த இருவரும்தான். புண் எப்படி ஆரம்பிக்கும், எந்த நிறத்துக்கு மாறும் என்பதெல்லாம் இரண்டு பேருக்கும் அத்துப்படி.

இந்தத் தொட்டிக்குக் காரணம் வாழைக்கு வந்த வாடல் நோய். முதலில் அடி இலையின் ஓரம் மஞ்சளாகும். பிறகு இலைகள் ஒவ்வொன்றாக ஒடிந்து தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கும். தண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே பழுப்பு வளையம். மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் பூஞ்சை அது. ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும், மருந்தடித்து விரட்ட முடியாது. மண் போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

அது எப்படி வந்தது என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எங்கோ மலிவாகக் கிடைக்கிறது என்று மேனேஜர் ஒரு லாரி நிறையக் கன்றுக் கிழங்கு வாங்கி இறக்கினார். மண் அப்பிய கிழங்கு. கழுவக்கூட இல்லை. அதை நட்ட இடத்தில்தான் முதல் மரம் தொங்கியது. விலையைக் குறைத்துப் பேசிய சாமர்த்தியத்துக்காக அப்போது முதலாளி அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். தட்டு வாங்கிய தோள் ஒரு வாரம் நிமிர்ந்தே இருந்தது. நோய் வந்ததும் அந்த லாரியை எல்லோரும் மறந்துபோனார்கள், அல்லது மறந்துபோக வேண்டியிருந்தது. வேலைக்கு வருகிறவர்கள் ஊரில் கண்ட மண்ணையும் மிதித்துவிட்டு வருகிறார்கள், அவர்கள் காலில்தான் நோய் வருகிறது என்று முடிவாயிற்று.

நோயைப் பார்க்க ஒரு நிபுணர் வந்தார். நோய் கண்ட இடத்தைக் கயிறு கட்டி ஒதுக்கச் சொன்னார், சுத்தமான கன்று வாங்கச் சொன்னார், வண்டிச் சக்கரத்தைக் கழுவச் சொன்னார். உள்ளே வருகிறவர்கள் பூட்ஸை மருந்தில் நனைக்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் சொன்னது பூட்ஸை. பூட்ஸ் வாங்கச் செலவாகும், கால் இலவசம். அதனால் மேனேஜர் காலை நனைக்கச் சொன்னார். வண்டிகள் போகும் பெரிய கேட்டில் தொட்டி எதுவும் கட்டவில்லை. வாழைத்தார் கொண்டுபோக வரும் லாரிகள் எந்தெந்தத் தோட்டத்துச் சேற்றையோ சக்கரத்தில் சுமந்துகொண்டு நேராக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

பூட்ஸே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வாட்ச்மேன் அறையில் ஆணியில் சில ஜோடி தொங்கின. பார்வையாளர்களுக்கு. பார்வையாளர் யாரும் வராததால் வாட்ச்மேன் ஒன்றில் டார்ச் லைட்டையும் இன்னொன்றில் சீப்பையும் வைத்திருந்தார்.

ஏணியின் முறை வந்தபோது அவள் மடியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்தாள். புண்ணின் மேல் நாத்தனார் ஏற்கெனவே துணி சுற்றிவிட்டிருந்தாள். ஏணி அதன் மேல் பையை மாட்டி, கெண்டைக்காலில் வாழைநாரால் இறுக்கிக் கட்டினாள்.

"இது என்ன வேஷம்?" என்றார் வாட்ச்மேன்.

"புண்ணுண்ணே. பையோட நிக்கிறேன். பைக்கு மேல மருந்து படுமில்ல?"

வாட்ச்மேன் யோசித்தார். அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் உள்ளே திரும்பி மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரிக்குப் பெண்கள் வைத்த பெயர் பின்பாட்டு. மேனேஜர் ஒரு வாக்கியம் பேசினால் அதன் வாலை இவர் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை பாடுவார். மேனேஜர் இல்லாத நேரத்தில் அவருக்குச் சொந்தமாகப் பேச எதுவும் வராது.

"பையெல்லாம் கூடாது. கால நனைக்கணும்னுதான் சார் சொல்லியிருக்கார்" என்றார் பின்பாட்டு.

"புண்ணப் பாருங்க. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

"நான் பாத்து என்ன பண்ண? சாரு வரட்டும். ஓரமா நில்லு."

நாத்தனார் தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "நானும் நிக்கவா அண்ணி?" என்றாள்.

"நீ போடி. ரெண்டு பேரும் நின்னா ரெண்டு பேருக்கும் கூலி போகும்."

மேனேஜர் வர நேரமாயிற்று. ஏணி சுவரோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பைகளை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டாள். ஈ மொய்க்க வந்தது, முந்தானையால் விரட்டினாள். உள்ளே இலை அறுக்கும் சத்தம் கேட்டது. அவளுடைய நீளக்கழி அரிவாளை யார் எடுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். புருஷன் வெளியூர்ச் சந்தையில் மூட்டை தூக்கப் போனவன், நினைத்தால் வருவான். மகளுக்கு இது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். இந்த வேலையை விட்டால் அடுத்த வேலை எதுவானாலும் நடந்து போய்த்தான் செய்ய வேண்டும். அதற்கும் கால் வேண்டும்.

மேனேஜர் பைக்கில் வந்து பெரிய கேட்டருகே நிறுத்திவிட்டுச் சின்ன கேட்டுக்கு நடந்து வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கண்ணாடியாகப் பளபளக்கும் ஷூ. தோட்டத்து மண் தன்மேல் படாமல் தோட்டத்தை நடத்துவது ஒரு கலை, அது அவருக்குக் கைவந்திருந்தது.

"சார், காலு புண்ணாயிருச்சு. ஈரம் படக்கூடாதுன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அந்த பூட்ஸ்ல ஒண்ணு குடுத்தா போட்டுக்கிட்டு நனைச்சுட்டுப் போறேன். சாயந்திரம் கழட்டிக் குடுத்துடறேன்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஃபோனைப் பார்த்தார். "அது விசிட்டருக்கு."

"விசிட்டருக்கு" என்றார் பின்பாட்டு. இப்போது அவருக்குக் குரல் வந்துவிட்டது.

"வர்றவங்க யாரும் இல்லையே சார். சும்மாதான தொங்குது."

"இன்னைக்கு முதலாளி வர்றாரு. உனக்கு ஒண்ணு குடுத்தா நாளைக்கு எல்லாரும் கால நீட்டுவீங்க. புண்ணெல்லாம் கழுவாம வெச்சுக்கறதால வர்றது. மருந்துல நின்னா ஆறும். அது கிருமிநாசினி, உனக்கு நல்லதுதான்."

"நல்லதுதான்" என்றார் பின்பாட்டு.

"எரியுது சார். தோலே உரியுது."

"உனக்கு மட்டும் உரியுதா? இத்தனை பேர் நிக்கிறாங்க, ஒருத்தராவது வாய் திறந்தாங்களா? முடியலைன்னா வீட்ல இரு. வேலைக்கு ஆளா இல்ல?"

பின்பாட்டு திரும்பச் சொல்ல வாயெடுப்பதற்குள் கார் வந்துவிட்டது.

முதலாளி இறங்கியதும் மேனேஜருக்கு முதுகெலும்பு இளகிப்போயிற்று. அதுவரை ஏணியின் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தவர், இப்போது முதலாளியின் சட்டைப் பொத்தானோடு பேசும் உயரத்துக்கு வந்துவிட்டார். வாட்ச்மேன் ஓடிப்போய் பூட்ஸைக் கொட்டினார். டார்ச்சும் சீப்பும் தரையில் விழுந்தன. பின்பாட்டு மண்டிபோட்டு முதலாளியின் காலில் பூட்ஸை மாட்டிவிட்டார். அவ்வளவு கச்சிதமாக மாட்டினார், பிறவியிலேயே அந்த வேலைக்காக மண்டி வாங்கி வந்தவர் போல.

"வாங்கற கம்பெனிக்காரங்க நோய்த் தடுப்பு என்ன பண்றீங்கன்னு கேக்கறாங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்பணும்" என்றார் முதலாளி.

"இதுதான் சார் நம்ம தொட்டி. இதத் தாண்டி ஒரு கிருமி உள்ள போகாது."

"போகாது சார்."

முதலாளி பூட்ஸோடு தொட்டியில் இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்றார். மேனேஜர் குனிந்தும் நிமிர்ந்தும் படம் எடுத்தார். வாட்ச்மேன் எண்ணவில்லை. முதலாளி தன் விருப்பப்படி அந்தப் பக்கம் ஏறினார்.

அப்போதுதான் திறந்து கிடந்த காரின் கதவு வழியாக அவருடைய நாய் குதித்து ஓடிவந்தது. வெள்ளை நாய், குளித்து வாரிவிட்ட முடி. முதலாளியைப் பார்த்து முனகிக்கொண்டே தொட்டியின் விளிம்புக்கு வந்து முன்னங்காலைத் தண்ணீருக்கு நீட்டியது.

மேனேஜர் பாய்ந்து அதன் கழுத்துப் பட்டையைப் பிடித்தார். ஃபோன் கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஐயோ, வேணாம் வேணாம். சார், அது கால் வெச்சுடப் போகுது. பிளீச்சிங் சார், இப்ப டபுளா போட்டிருக்கோம். பாதம் பொத்துப் போயிடும். தோல் உரிஞ்சிடும்."

"உரிஞ்சிடும் சார்" என்றார் பின்பாட்டு.

ஏணி மேனேஜரின் முகத்தைப் பார்த்தாள். அதில் உண்மையான பதற்றம் இருந்தது. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்துதான் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள், பாவம், தெரியாமல் செய்கிறார் என்று நினைத்திருந்தாள். அப்படி நினைத்த தன் புத்தியை எண்ணி அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"கண்ணா, இரு, இரு. வந்துடாத" என்று முதலாளி அந்தப் பக்கத்திலிருந்து நாயிடம் கெஞ்சினார்.

நாய் திமிறியது. மேனேஜர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார், பிறகு சுவரோரம் நின்றவளைப் பார்த்தார்.

"ஏய், ஏணி. இதத் தூக்கிட்டுத் தாண்டு."

அவள் நகரவில்லை.

"சீக்கிரம். அப்படியே உன் கால நனைச்ச கணக்கும் ஆச்சு. இன்னைக்குக் கூலியும் போட்டுக்கறேன். இல்லைன்னா இனிமே இந்தப் பக்கம் வராத."

"சார், அந்தப் பைய மட்டும் கட்டிக்கிறேன்."

"முதலாளி நிக்கிறாரு, உனக்குப் பை கட்டிக்க நேரம் வேணுமா?"

தூரத்தில் வாழைகளுக்கு நடுவே நாத்தனார் அரிவாளோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணி கையிலிருந்த பைகளை இடுப்பில் செருகினாள். குனிந்து நாயை வாரி எடுத்தாள். நல்ல கனம். ஏதோ சோப்பு வாசனை அடித்தது. அது அவள் கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு அடங்கியது.

தொட்டியில் கால் வைத்ததும் குதிகாலிலிருந்து நெருப்பு தொடைவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த காலையும் வைத்தாள். அப்படியே எட்டி அந்தப் பக்கம் ஏறிவிடலாம் என்று நினைத்தாள்.

"நில்லு" என்றார் வாட்ச்மேன். முதலாளிக்கு முன்னால் தன் கடமையைக் காட்ட அவருக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அவர் சத்தமாக, ஒவ்வொரு எண்ணையும் இழுத்து எண்ணத் தொடங்கினார்.

"நல்ல உயரமான ஆளாத்தான் வெச்சிருக்கீங்க" என்றார் முதலாளி மேனேஜரிடம். பிறகு குனிந்து பார்த்துவிட்டு அவளிடம், "பாத்தும்மா. அதோட கால் தண்ணில பட்டுடப் போகுது" என்றார்.

அவள் நாயைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தண்ணீரின் மேலே வந்து, மெதுவாக நகர்ந்து முதலாளியின் பூட்ஸ் இருந்த ஓரமாகப் போய் ஒதுங்கியது. அவர் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். வாட்ச்மேன் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.