பீரோவுக்கு இந்தப் பக்கம்

ஹாஸ்டலில் இடமில்லை என்று இரண்டு முறை கைவிரித்தவர்கள், கல்லூரி திறப்பதற்கு முந்தின நாள் காலையில் போன் செய்தார்கள். ஒரு கட்டில் காலியாகியிருக்கிறதாம். இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தால் அது வாலுவுக்கு. வாலு என் தங்கை. போனை வைத்ததும் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார்.

அந்தக் கட்டில் தவறினால் அத்தை வீட்டில் தங்கித்தான் அவள் படிக்க வேண்டும். அத்தை தங்கமானவள்தான். ஆனால் அவள் வீட்டில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விளக்கைச் சீக்கிரமே அணைத்துவிட்டு, அந்த இருட்டில் எல்லோருமாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார்கள். அதற்கு நம் வேனிலேயே தங்கிப் படித்துவிடுவேன் என்று வாலு சொல்லியிருந்தாள்.

வேனை வைத்து அப்பா வீடு மாற்றிக் கொடுக்கிறார். நான் அவருடன் வேலைக்குப் போகிறேன். சாமான் கட்டுவது முழுக்க என் பொறுப்பு, தூக்குவதில் பாதி. எத்தனையோ பேர் வீட்டைக் கட்டித் தூக்கிய எங்களுக்கு, எங்கள் வீட்டுச் சாமானை ஏற்றுவது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாலுவின் மேஜை விளக்கைப் போர்வையில் சுற்றி, அதன்மேல் இன்னொரு போர்வையைச் சுற்றி, கயிறும் கட்டினார். அது பிளாஸ்டிக் என்று வாலு சொன்னதற்கு, கட்டின பிறகு எல்லாம் கண்ணாடிதான் என்றார். வேனின் முன்பக்கம் மூன்று பேருக்குத்தான் இடம். அம்மா வாசலில் நின்று, சோப்பு டப்பாவைத் தனியாக வை, துண்டை ஈரத்தோடு மடிக்காதே என்று வேன் முக்கு திரும்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஹாஸ்டல் அறை இரண்டாம் மாடியில். கதவுக்கு நேர் எதிரே இரட்டைக் கதவு வைத்த ஜன்னல். இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு மேஜை, இரண்டு நாற்காலி, ஆளுயரப் பீரோ இரண்டு. வாலு போய் ஜன்னலைத் திறந்து மூடினாள், மறுபடி திறந்தாள். வார்டன் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னார். இந்த அறையில் இன்னொரு பெண்ணுக்கு முதலிலேயே இடம் கொடுத்தாகிவிட்டது, அவள் இன்று வருவாள். வாலு காத்திருந்து வந்தவள் என்பதால், ஒத்துவராது என்று அந்தப் பெண் இன்றைக்குச் சொல்லிவிட்டால் இந்தக் கட்டில் அடுத்து காத்திருப்பவளுக்குப் போய்விடும். வேறு அறை கிடையாது. வாலு பெரிய மனுஷி போலத் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட அவர் பின்னாலேயே போனாள்.

அப்பாவும் நானும் சாமானை ஏற்றினோம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. காலி மூலை விடக் கூடாது. வீட்டுக்காரர் உள்ளே வந்து பார்க்கும்போது ஒரு மூலை வெறிச்சென்று இருந்தால், வேலை முடியவில்லை என்று முகம் சுளிப்பார். கட்டில் இரண்டு இருந்தால் சேர்த்துப் போடுவோம். மேஜை இரண்டு இருந்தால் நீட்டுவாக்கில் ஒட்டுவோம். பேச்சே இல்லாமல் கை தானாக ஓடும். அன்றும் ஓடியது. ஒரு பீரோவில் துணி, மறு பீரோவில் புத்தகம். சேர்த்துப் போட்ட கட்டிலின் நட்டநடுவே மெத்தை, அதன்மேல் அம்மா தைத்த விரிப்பு. செருப்பு ஒருபக்கம், வாளி ஒருபக்கம், கண்ணாடி வெளிச்சம் படுகிற இடத்தில். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்பா இடுப்பில் கைவைத்து நின்றார். மாளிகை மாதிரி இருந்தது. வார்டன் சொன்னது அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அடியோடு மறந்துபோயிருந்தது.

அப்போதுதான் வாசலில் ஒரு தாயும் மகளும் வந்து நின்றார்கள். மகள் குச்சி போல ஒல்லி, கையில் ஒரே ஒரு பை. தாய் கதவிலிருந்த எண்ணைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி எண்ணைப் பார்த்தாள்.

"பாப்பா, இங்க ஒரு குடும்பமே குடியிருக்கு போல."

அப்பா பதறிப்போய்க் கட்டிலைப் பிரிக்க ஓடினார். அந்த அம்மாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. என் பெண் எங்கே படுப்பாள், பீரோ மேலா என்று கேட்டாள். இருக்கிற இரண்டு பீரோவையும் இப்படி வளைத்துப் போடுகிறவர்களோடு வருஷம் முழுக்க எப்படிக் காலம் தள்ளுவது என்றாள். வார்டனைப் பார்த்துவிட்டு வருகிறேன், பையைக் கீழே வைக்காதே என்று மகளிடம் சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று படி இறங்கிப் போனாள்.

இறங்கியவள் எதிரே ஏறி வந்த வாலுவை இடிக்காத குறை. வாலு உள்ளே வந்து ஒட்டிக் கிடந்த மேஜைகளைப் பார்த்தாள், பையை மார்போடு அணைத்து நின்ற பெண்ணைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் வெளுத்தது. எங்களை ஒரு முறை முறைத்தாள், அவ்வளவுதான். நேராக ஒல்லிப் பெண்ணிடம் போனாள்.

"இவங்க வீடு மாத்துறவங்க. ரூமைப் பார்த்தா ரொப்பாம விடமாட்டாங்க. உனக்கு எந்தப் பக்கம் வேணும்னு சொல்லு, மொத்தத்தையும் மாத்திடலாம்."

ஒல்லிப் பெண் ஜன்னலைப் பார்த்தாள். கட்டில்களைப் பார்த்தாள். பிறகு மெதுவான குரலில், நீ தூக்கத்தில் பேசுவாயா என்று கேட்டாள்.

"பாடுவேன்னு அக்கா சொல்லுவா."

"சுருதி சேருமா?"

"சேராது."

ஒல்லிப் பெண் பையைக் கீழே வைத்தாள். அவள் வீட்டில் ஆறு பேருக்கு ஓர் அறையாம். பிறந்ததிலிருந்து யாருடைய காலாவது அவள்மேல் கிடக்குமாம். அவளுக்கு ஜன்னல் பெரிதில்லை, திரும்பிப் படுத்தால் யாரும் கண்ணில் படக் கூடாது, அது போதும். வாலு ஜன்னலையும் பீரோவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒல்லிப் பெண்ணும் பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து, இரண்டு பேரும் நிறுத்தினார்கள்.

"பீரோவை நடுவுல நிறுத்தினா?" என்றாள் ஒல்லிப் பெண்.

அப்பாவுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டார். மறு பீரோவிலிருந்த புத்தகத்தை வெளியே எடுத்துவிட்டு, பீரோக்களை இழுத்து, கதவுப் பக்கமிருந்து ஜன்னலை நோக்கி அறையின் நடுவே ஒரே வரிசையில் நிறுத்தினோம். ஒன்றின் கதவு இந்தப் பக்கம் திறந்தது, மற்றதன் கதவு அந்தப் பக்கம். கட்டில்கள் ஆளுக்கொரு சுவரோரம் போயின. மேஜைகள் ஜன்னலடிக்குப் போயின, ஜன்னலில் ஆளுக்கு ஒரு கதவு. மின்விசிறி மட்டும் பொது. ஒல்லிப் பெண் சும்மா நிற்கவில்லை. நாற்காலியில் ஏறி பீரோவின் உச்சியைப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு விரல் இந்தப் பக்கம், போதும் போதும் என்று அப்பாவையே அதட்டினாள். வாலு தன் பக்கம் பார்த்து நின்ற பீரோ முதுகைத் தட்டிப் பார்த்து, இதில் என் கண்ணாடியை மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அப்படியானால் உன் பீரோ முதுகில் நான் படம் ஒட்டுவேன், சம்மதமா என்றாள் மற்றவள்.

வார்டனும் அந்த அம்மாவும் வந்தபோது வேர்வையும் தூசியுமாக நாங்கள் நான்கு பேரும் வாளியை எங்கே வைப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். வார்டன் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் வைத்தார். ஒல்லிப் பெண்ணை மட்டும் பார்த்து, ஒத்துவருமா வராதா என்று கேட்டார். வாலு என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"அம்மா கோவத்துல சொல்லிட்டாங்க மேடம். எனக்கு இந்த ரூம்தான் வேணும். இவளும் இருக்கட்டும்."

அந்த அம்மா பீரோவுக்கு அந்தப் பக்கம் போனாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள், ஜன்னல் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு மகளின் பையைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். மகள் அவள் காதோடு ஏதோ சொன்னாள். அடுக்கிக்கொண்டே, தூக்கத்தில் பாடுகிறவளாமே, பாவம் என் பெண் என்று அப்பாவிடம் சொன்னாள். காதில் வைக்கப் பஞ்சு வாங்கி அனுப்புகிறேன் என்றார் அப்பா.

வார்டன் படியிறங்கியதும் பக்கத்து அறையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அங்கிள், எங்க பீரோவையும் இப்படித் திருப்பித் தருவீங்களா?" அதன் பின்னால் இன்னும் இரண்டு தலைகள். அப்பா என்னைப் பார்த்தார். நான் கயிற்றைக் கையில் எடுத்தாகிவிட்டது.

நான்கு அறைகளை மாற்றிவிட்டுக் கீழே வந்து வேனில் ஏறினோம். வாலு வழியனுப்பக்கூட வரவில்லை. கண்ணாடியை எந்த உயரத்தில் மாட்டுவது என்று அவர்கள் வாதாடுவது இரண்டாம் மாடி ஜன்னல் வழியாகத் தெருவரை கேட்டது. ஜன்னலின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்திருந்தன. அப்பா ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனார், வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார்.